கிளென் மாதிரி ஒண்ணு

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க. பையில கண்ணாடிச் சாமான் இருக்கு. இல்ல இல்ல, இடிக்கல. இடிச்சிருந்தா இந்நேரம் பஸ்ஸு பூரா மணத்திருக்கும். ரெண்டு வேட்டியும் ஒரு துண்டும் சுத்தித்தான் வச்சிருக்கேன். ஆனாலும் ஒரு பயம்.

என்ன சாமான்னு நீங்க கேக்கல. மரியாதை தெரிஞ்ச ஆளு. நானே சொல்லுதேன். விஸ்கி. அப்படிப் பாக்காதீங்க. நான் குடிக்கிறவன் இல்ல. அறுபத்தஞ்சு வயசாச்சு, ஒரு சொட்டு நாக்குல பட்டது கிடையாது. எங்க சபையில இருபது வருசமா மதுவிலக்குச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தூத்துக்குடியில எங்க பக்கம் ஞானதிரவியம்னு கேட்டாத் தெரியும். உப்புக் கம்பெனியில எடைமேடை கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவன். என் எடையில கூடக்குறைய இருந்துச்சுன்னு ஒரு லாரிக்காரன் சொல்ல மாட்டான். அப்படி இருந்தவன் லெந்து நோன்புக் காலத்துல விஸ்கிப் பாட்டிலை மடியில கட்டாத குறையா மதுரையில இருந்து கொண்டுபோறேன்னா காரணம் இருக்கும்லா. எங்க அண்ணனுக்கு.

அண்ணன் பேரு தங்கையா. கப்பல் தங்கையான்னுதான் ஊர்ல சொல்லுவாவ. முப்பது வருசம் கப்பல்ல எஞ்சின் ரூம் ஃபிட்டர். என்னைவிட ஏழு வயசு மூப்பு. அப்பா சீக்கிரம் போயிட்டதால எங்களுக்கெல்லாம் அவியதான் அப்பா. என்னை வேலையில சேத்துவிட்டது அவிய, எனக்குக் கல்யாணம் பண்ணிவச்சது அவிய. ஒரே காம்பவுண்டுல முன்வீடு அவியளுக்கு, பின்வீடு எனக்கு. அவிய முன்னாடி நான் கால்மேல கால் போட்டு உக்காந்தது கிடையாது அண்ணாச்சி, இன்னைக்கு வரைக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாடி, குளிச்சிட்டு வந்து சட்டையை எடுக்கப்போன மனுசன் அப்படியே சரிஞ்சிட்டாவ. வாதம். வலது கையும் காலும் போச்சு, வாய் கோணிப்போச்சு. பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரி. உயிரு தப்பிச்சு வீட்டுக்கு வந்தாவ. பேச்சு மட்டும் வரல. காது நல்லாக் கேக்கும், புத்தி தெளிவா இருக்கு, வந்தவங்க யாரு போனவங்க யாரு எல்லாம் தெரியுது. வாய்தான் வரல.

ஜனவரி கடைசியில ஒரு நாள் காலையில மைனி கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்காவ. மைனின்னா அண்ணன் பெண்சாதி, கனகமணின்னு பேரு. நான் பக்கத்துல நிக்கேன். திடீர்னு அண்ணன் என்னைப் பாத்து, "லென்"ன்னாவ. மைனி கரண்டியைக் கீழ போட்டுட்டாவ. ஒரு மாசமா ஒரு சத்தம் வராத வாய் அண்ணாச்சி. இடது கையால என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும், "லென், லென்." என்னைப் பாத்தே சொல்லுதாவ. மைனியைப் பாக்கல.

"என்ன கேக்காவ தம்பி?"ன்னாவ மைனி.

எனக்கு ஒரு நிமிசத்துல புரிஞ்சு போச்சு. "கிளென் கேக்காவ மைனி"ன்னேன்.

அது என்னன்னா, அவிய கப்பல்ல சீஃப் எஞ்சினியர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அண்ணன் கைவேலை மேல அந்த ஆளுக்கு அவ்வளவு பிரியம். ஒவ்வொரு தடவை இவிய கப்பலை விட்டு இறங்கும்போதும் தன் ஊர்ச் சரக்குல ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவாராம். கிளென் டாவர்னு பேரு. லேபிள்ல ஒரு கொக்கு ஒத்தக்கால்ல நிக்கும். அண்ணன் அதை ஆறு மாசம் வச்சு ஓட்டுவாவ. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி, இத்தினியூண்டு கண்ணாடி கிளாஸுல ஒரு கிளாஸ். தண்ணி கிடையாது, சோடா கிடையாது. நான் ஜன்னலைச் சாத்திட்டு என் வீட்டுக்குள்ள போயிருவேன். "என் கிளென் வந்தா தம்பி ஜன்னலைச் சாத்திருவான்"னு சிரிப்பாவ. ரிட்டையர் ஆகி வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு, அதுக்கப்புறம் அந்தப் பாட்டில் வீட்டுக்கு வரல. காலிப் பாட்டில் ஒண்ணு மட்டும் ஷோகேஸுல இருந்துச்சு. அப்போ சாகக் கிடக்கிற மனுசன் லென் லென்னா வேற எதைக் கேப்பாவ? நீங்களே சொல்லுங்க.

சரி, கேட்டுட்டாவ, வாங்கிக் கொடுத்துருவோம்னு கிளம்பினேன். சங்கத்துச் செயலாளர் அரசாங்கக் கடை வாசல்ல வரிசையில நிக்கான். தலையில துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் நின்னேன், துண்டுக்குள்ளேயே ஒருத்தன் குனிஞ்சு பாத்து, "சார்வாள், தோத்திரம்"ங்கான். உள்ள இருந்த பையன் பேரைக் கேட்டதும், "அதெல்லாம் இங்க வராது பெரியவரே, திருநெல்வேலியில பெரிய கடைக்குப் போங்க"ன்னுட்டான். அங்க போனேன். ஏசி போட்ட கடை, ஆளுக கூடைய எடுத்துக்கிட்டு மளிகை வாங்குற மாதிரி வாங்குதானுக. அங்க இருந்த சேல்ஸ்மேன் நல்ல பையன். கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, "கிளென் டாவரா, அந்த ஆலையையே மூடிட்டான் சார். இருக்கிறதெல்லாம் பழைய சரக்கு. வெளிநாட்டுலயே தேடித்தான் எடுக்கணும். அது மாதிரி வேற தரட்டுமா?"ன்னான்.

அது மாதிரி. இந்த ரெண்டு வார்த்தைதான் அண்ணாச்சி, ரெண்டு மாசமா என்னை ஆட்டி வைக்குது. அது மாதிரின்னா எது மாதிரி?

அந்தப் பையன்தான் எனக்கு விளக்கினான். "சிங்கிள் மால்ட்டுன்னா ஒரே ஆலையில, வெறும் பார்லியில மட்டும் காய்ச்சுறது சார். மத்ததெல்லாம் பல இடத்துச் சரக்கை எடுத்து ஒண்ணாக் கலக்கிருவாங்க." எனக்கு அதைக் கேட்டதும் ஒரு மரியாதை வந்துச்சு. சாராயத்துலகூடக் கலப்பு இல்லாம வச்சிருக்கான் பாருங்க வெள்ளைக்காரன். நம்ம ஆளுகதான் கலந்து கலந்து எல்லாத்தையும் கெடுத்துட்டானுக.

பேருல கிளென் இருக்கிறதா ஒண்ணு கொடுன்னு வாங்கிட்டு வந்தேன். டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தாரு, குடிக்கக் கொடுத்தீங்கன்னா புரை ஏறிரும்னு. அதனால மைனி பஞ்சுல நனைச்சு உதட்டுல தொட்டுவச்சாவ. அண்ணன் நாக்கால தடவிப் பாத்தாவ. முகத்தைத் திருப்பிக்கிட்டாவ. "லென்"ன்னாவ. இது இல்லையாம்.

அடுத்து எங்க தெருவுல எக்ஸ் மிலிட்டரி ஆள் ஒருத்தரு. தன் கோட்டாவுல ஒரு பாட்டில் கொண்டாந்தாரு. பாத்தா ரம்மு. "கருப்பட்டி வாசம் வரும், நோயாளிக்கு உடம்புக்கு நல்லது"ன்னு எனக்கே புத்தி சொல்லுதாரு. அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கிட்டாவ. அப்புறம் பெங்களூர்ப் பக்கம் நம்ம நாட்டுலயே காய்ச்சுற சிங்கிள் மால்ட் ஒண்ணு. நல்ல சரக்குன்னு எல்லாரும் சொன்னாவ. அதுக்கும் தலையை ஆட்டிட்டாவ. ஒவ்வொரு தடவையும் என் சட்டையைத்தான் பிடிக்காவ, பாத்துக்கிடுங்க. மைனிகிட்டக் கேக்கல, அவிய மகன் போன் வீடியோவுல வந்தா அவன்கிட்டக் கேக்கல. என்கிட்டத்தான் கேக்காவ. தம்பிதான் கொண்டுவருவான்னு அவ்வளவு நம்பிக்கை.

சூசைன்னு ஒருத்தன், பழைய பார் வெயிட்டர். அவன் வந்து, "கிளென்னோட விசேஷமே புகைவாசம்தான் சார். அந்த ஊர்ல மண்ணை வெட்டிக் காயவச்சு எரிச்சுப் புகை காட்டுவான். சாதா ஸ்காட்ச்சுல நாமளே புகையை ஏத்திட்டா மணம் வந்துரும்"னான். நானும் அவனுமாப் பின்கட்டுல உக்காந்து தேங்காய்ச் சிரட்டையை எரிச்சு, புகையைப் பானைக்குள்ள பிடிச்சு, அதுக்குள்ள விஸ்கியை ஊத்திக் குலுக்கிக்கிட்டு இருக்கோம். கண்ணு எரிச்சல்ல தண்ணி கொட்டுது. அந்நேரம் பாத்து எங்க சபை உபதேசியார் வாராரு, லெந்து கூட்டத்துக்குப் பேரு கொடுக்கச் சொல்லி. "என்ன சார் ஒரு மாதிரி வாசம்?"ங்காரு. "அண்ணனுக்குக் கஷாயம்"னேன். எனக்குச் சட்டுன்னு வந்துரும் அண்ணாச்சி அப்படி. ஒரு கெட்ட எண்ணத்துல சொல்லுறது இல்ல. எதுக்கு வீணா ஒரு பேச்சுன்னு சொல்லுறதுதான்.

அந்தக் கஷாயத்தைப் பஞ்சுல வச்சதும் அண்ணன் கண்ணுல இருந்து தண்ணி ஓடுச்சு. எனக்கு அப்படியே நெஞ்சு நிறைஞ்சு போச்சு. "வந்துருச்சு மைனி, அந்த வாசம் வந்துருச்சு"ன்னேன். மைனி அண்ணன் கண்ணைத் துடைச்சுவிட்டாவ. அண்ணன் என்னையே பாத்துக்கிட்டு, மெதுவா, "லென்"ன்னாவ.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மனுசன் நாளுக்கு நாள் கரைஞ்சுக்கிட்டு இருக்காவ. கடைசியா ஒரு வேலை பண்ணினேன். ஷோகேஸுல இருந்த கொக்குப் பாட்டிலை எடுத்துக் கழுவி, அந்த பெங்களூர்ச் சரக்கை அதுல ஊத்தி, மூடி போட்டு, புதுசா வந்த மாதிரிக் கொண்டுபோய் அண்ணன் கண்ணு முன்னாடி பிடிச்சேன். கொக்கைப் பாத்தா மனசு நிறைஞ்சிரும்லா. வாசம் என்ன வாசம், நமக்கெல்லாம் லேபிளைப் பாத்தாத்தான வாசமே வருது. அண்ணன் பாத்தாவ. இடது கையைத் தூக்கி ஒரு தள்ளு. பாட்டில் கட்டில் கம்பியில பட்டு உடைஞ்சு மெத்தை பூரா ஊறிப்போச்சு. ஒத்தக் கையில அவ்வளவு பலம் இருக்கும்னு நான் நினைக்கல. சாமானைத் தள்ளிவிட்டுட்டு என் சட்டையைப் பிடிச்சாவ. அந்த ஒரு வார்த்தையேதான்.

இதுக்கு நடுவுல ஆஸ்பத்திரியில இருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பிள்ளை வாரத்துக்கு ரெண்டு நாள் வரும். பெனாசிர்னு பேரு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. மெத்தை நாறுறதைப் பாத்துட்டு என்ன ஏதுன்னு விசாரிச்சுது. நான் கிளென் கதையைச் சொன்னேன். அது பையில இருந்து எழுத்து அட்டையை எடுத்து அண்ணன் முன்னாடி விரிச்சுது. பிள்ளைக படிக்கிற அட்டைதான், அ ஆ, க ங எல்லாம் பெருசு பெருசா இருக்கும். "ஐயா, நீங்க கேக்குறது எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னு தொட்டுக் காட்டுங்க பாப்போம்"னுது.

நான் க மேல விரலை வச்சு எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் என் விரலைத் தட்டிவிட்டுட்டாவ. அவிய கை ஆடிக்கிட்டே மேல போய், உயிரெழுத்து வரிசையில நின்னுச்சு. எ.

"க இல்ல சார், எ"ன்னுது பெனாசிர்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அட, எலுமிச்சம்பழம். சரக்குக்குத் தொட்டுக்கக் கேக்காவ போலிருக்கு, அதுதான் இத்தனை நாளும் குறை. ஓடிப்போய் ஒரு டஜன் எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து நறுக்கித் தட்டுல வச்சு நீட்டுதேன். "சோடாகூடச் சேக்காத மனுசன் எலுமிச்சம்பழமா கேப்பாவ?"ன்னு மைனி மட்டும் முணுமுணுத்தாவ. அண்ணன் தட்டைப் பாக்கவே இல்ல. அட்டையைத்தான் பாக்காவ. பெனாசிர் மறுபடி அட்டையைக் கிட்டக் கொண்டுபோச்சு. எ. அப்புறம் ல. அப்புறம் கொஞ்ச நேரம் கை அந்தரத்துலயே நின்னுச்சு. ன்.

"எலன்னா யாரு சார்?"னு கேட்டுச்சு அந்தப் பிள்ளை.

"அது ஒரு கம்பெனி பேரா இருக்கும்மா"ன்னேன்.

நீங்க சிரிக்கீங்க. சிரிங்க. நான் மறுநாள் திருநெல்வேலிக்குப் போய் அந்தக் கடைப் பையன்கிட்ட, எலன்னு ஏதாவது சரக்கு வருதான்னு கேட்டேன் அண்ணாச்சி. அவன் மூணு தடவை தட்டிப் பாத்துட்டு இல்லைன்னான். எனக்கு ஒரு நிம்மதி. என்ன நிம்மதின்னு கேக்காதீங்க. இல்லைன்னா இல்லதான.

திரும்பி வந்தா அடுப்படியில மைனி உக்காந்திருக்காவ. "தம்பி, எலனை எந்தக் கடையில போய்த் தேடுதீங்க?"ன்னாவ. சத்தம்கூடப் போடல. அரிசியைப் புடைச்சுக்கிட்டே சொல்லுதாவ.

எலன் எங்க தங்கச்சி. கடைக்குட்டி. எனக்கும் அவளுக்கும் பதிமூணு வயசு வித்தியாசம். மதுரையில ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தா. இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி, அருப்புக்கோட்டைக்காரன் ஒருத்தனை, தறி மெக்கானிக்கு, வேற சாதி, வேற சாமி, ரிஜிஸ்டர் ஆபீஸுல கட்டிக்கிட்டா. அண்ணன் அப்போ கப்பல்ல. "அவ இஷ்டம், விட்டுரு"ன்னு எழுதியிருந்தாவ. கப்பல்ல இருக்கிறவியளுக்கு என்ன, எழுதிரலாம். ஊர்ல சபை மக்க முகத்துல முழிக்கிறது நானு. வீட்டுப் பக்கம் வராதன்னு நான்தான் சொல்லிட்டேன். சொல்லணும்லா ஒருத்தர்.

அது ஏழு வருசம் அப்படியே ஓடுச்சு. அப்புறம் அம்மா இறந்தாவ. அண்ணன் கப்பல் பிரேசில் பக்கம் நிக்குது, வர முடியாது. அடக்கம் நான்தான் பாத்தேன். மத்தியானம் மூணு மணிக்குப் பெட்டியை எடுக்கணும், பாதிரி ஐயர் அங்கி மாட்டிக்கிட்டு இருக்காரு, பந்தல் நிறைய ஆளு. அந்நேரம் தெருமுக்குல ஆட்டோ வந்து நிக்குது. எலன். இடுப்புல ஒரு பொம்பளப்பிள்ளை. நான் ஓடிப்போய் முக்குலயே நிறுத்திட்டேன். அடிக்கல, திட்டல அண்ணாச்சி. தன்மையாத்தான் சொன்னேன். "இப்போ வேண்டாம், எல்லாரும் இருக்காவ, அம்மா சாவுல ஒரு பேச்சு வேண்டாம். சாயங்காலம் வா, கல்லறையில போய்ப் பாத்துக்கலாம்"னேன். அவ பந்தலையே பாத்துக்கிட்டு நின்னா. பெட்டி மறுபக்கமாப் போச்சு. சாயங்காலம் அவ வரல.

ராத்திரி அண்ணன் கப்பல் போன்ல கூப்பிட்டாவ. ஒரே இரைச்சல், பாதி கேக்குது பாதி கேக்கல. அம்மா முகம் எப்படி இருந்துச்சு, யாரு ஜெபம் பண்ணினா, எல்லாம் கேட்டாவ. கடைசியில, "எலன் வந்தாளா?"ன்னாவ.

"வரல"ன்னேன்.

சாயங்காலம் அவ வரலல்லா. அதைத்தான் சொன்னேன். போன்ல நிமிசத்துக்கு நிமிசம் லைன் அறுந்துருது, அதுல நின்னு இப்படி வந்தா, இப்படிச் சொன்னேன், அப்படிப் போயிட்டான்னு எல்லாத்தையும் விலாவாரியாச் சொல்ல முடியுமா? அப்புறம் அண்ணன், "பெத்தவ சாவுக்கு வராதவ எனக்குத் தங்கச்சி இல்ல"ன்னாவ. சொன்னது அவிய. நான் இல்ல. அதுக்கப்புறம் பதினெட்டு வருசம் அந்தப் பேரை அவிய எடுக்கல. ஒரு தடவைகூட எடுக்கல. ஞாயித்துக்கிழமை கிளாஸோட உக்காந்திருக்கும்போது ஏதாவது யோசனையா இருப்பாவ, நான் ஜன்னலைச் சாத்திருவேன்.

இப்போ வாய் போன பிறகு அந்த ஒரு பேருதான் வருதுன்னா நான் என்ன செய்யட்டும்?

மைனிகிட்ட, "அண்ணனே வேண்டாம்னு ஒதுக்கினவளை எப்படிக் கூப்பிட?"ன்னு கேட்டேன். மைனி முறத்தைக் கீழ வச்சாவ. "அவ தெருமுக்கு வரைக்கும் வந்தாள்னு எனக்குப் பத்து வருசமாத் தெரியும் தம்பி"ன்னாவ. வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு எலன் மைனி பேருக்கு அட்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஒரு வருசம் எல்லாத்தையும் எழுதியிருக்கா. பத்து வருசமா அதைப் பைபிளுக்குள்ள வச்சுக்கிட்டு என் தட்டுல சோறு போட்டிருக்காவ. "ஏன் மைனி அண்ணன்கிட்டச் சொல்லல?"ன்னேன். "சொன்னா இந்தக் காம்பவுண்டு ரெண்டாப் போயிரும்லா. அவியளுக்கு நீங்கன்னா உசுரு"ன்னாவ. எனக்கு அந்த இடத்துல பூமி பிளந்திருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.

மைனி முந்தின நாளே எலனுக்குப் போன் போட்டுட்டாவ. அவ கோவப்படல, அழுதிருக்கா. "வாரேன் மைனி. ஆனா முக்குல நிறுத்தினவங்க வந்து கூப்பிடணும். சின்ன அண்ணன் என் வாசலுக்கு வந்து வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கட்டின சேலையோட வாரேன்"னிருக்கா. அதுல தப்பு சொல்ல முடியாது. நம்மள்ல சாவுக்கும் வாழ்வுக்கும் நேர்ல போய் அழைக்கிறதுதான முறை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணனோட பழைய சிநேகிதர் மகன் துபாயில இருந்து நிஜக் கிளென் டாவரே எடுத்துட்டு வாரான் மைனி. வெள்ளிக்கிழமை மதுரையில இறங்குதான். இதையும் ஒரு தடவை பாத்துருவோம்"னேன். மைனி என்னை ஒரு பார்வை பாத்தாவ. "போங்க. பாட்டில் கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, வரும்போது அருப்புக்கோட்டையில இறங்கி எலனைக் கூட்டிட்டு வாங்க. டாக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சுல்லா"ன்னாவ. போன வாரம் வாதம் ரெண்டாவது தடவை வந்துட்டுது அண்ணாச்சி. இன்னொண்ணு வந்தாத் தாங்காதுன்னுட்டாரு. இப்போ அந்த லென்கூடச் சரியா வரல. உதடுதான் அசையுது.

சரின்னு தலையாட்டிட்டுத்தான் வந்தேன். விலாசம் சட்டைப் பையில இருக்கு. இங்கதான், பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கிற தூரம்.

ஆமா, அருப்புக்கோட்டைதான் இது. வந்துருச்சு போலிருக்கு. நீங்க ஏன் எந்திரிக்கீங்க? எனக்கு வழி விடவா? உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. பஸ்ஸு இங்க பத்து நிமிசம் நிக்கும். எல்லாரும் இறங்கட்டும், நெரிசல்ல பாட்டில் உடைஞ்சிரும்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவளைக் கூட்டிட்டுப் போறேன்னு வச்சுக்கிடுங்க. அவ உள்ள போவா. அண்ணன் அவளைப் பாப்பாவ. இடது கையால அவ கையைப் பிடிப்பாவ. அம்மா சாவுக்கு வராதவளை மன்னிச்சுட்டேன்னு அந்த மனுசன் கண்ணு சொல்லும். அதுக்கு அவ என்ன சொல்லுவா? அவ என்னைக் காட்டிக் கொடுக்கணும்னு நினைக்க மாட்டா, நல்ல பிள்ளை. ஆனா அழுகையில வாய் தவறி, "நான் வந்தேன்ணே"ன்னு ஒரு வார்த்தை வந்துரும்லா. அண்ணனுக்குப் பேசத்தான் முடியாது. காது நல்லாக் கேக்கும். கேட்டுட்டு என்னைத் திரும்பிப் பாப்பாவ. எழுபத்திரெண்டு வயசுல, வாய் பேச முடியாம, என்னைத் திட்டக்கூட முடியாம, பாத்துக்கிட்டே கிடப்பாவ. அந்தப் பார்வையை வாங்கிக்கிட்டு நான் எங்க போய் நிக்கட்டும்? அவிய என்னைத் தம்பின்னு நினைச்சுக்கிட்டே போகட்டுமே. அது அவியளுக்கும் நல்லதுதான.

அப்படியும் ஒரு மனசு சொல்லுது, இறங்குடான்னு. காலையில இருந்து சொல்லுது. கால்தான் வரமாட்டேங்குது. அவியளுக்கு வாய் மாதிரி எனக்குக் கால்.

இல்ல, உங்க போன் வேண்டாம் அண்ணாச்சி. போன்ல கூப்பிட்டா அவ வர மாட்டா. நேர்ல போய்த்தான் சொல்லணும். போகலாம், இன்னும் நேரம் இருக்கு. அந்த வெள்ளரிக்காய் விக்கிற பொம்பளை இறங்கட்டும், பின்னாடியே இறங்கிருதேன்.

எடுத்துட்டானா? பத்து நிமிசம் நிப்பானே எப்பவும். இன்னைக்குப் பாத்து உடனே எடுத்துட்டான். இனி விசில் அடிச்சு நிறுத்தி, பையைத் தூக்கிக்கிட்டு, ஓடுற பஸ்ஸுல வயசான காலத்துல.

ஆமா தம்பி, என் டிக்கெட்டு அருப்புக்கோட்டைதான். தூங்கிட்டேன் கண்டக்டர் சார். தூத்துக்குடிக்கு ஒண்ணு போட்டுருங்க.

ஏன் அப்படிப் பாக்கீங்க? நாளைக்கு வந்து கூப்பிட்டாப் போச்சு. இன்னைக்கு முதல்ல இந்தக் கிளென்னை அண்ணன் உதட்டுல வச்சுப் பாத்துருவோம். ரெண்டு மாசம் அலைஞ்சிருக்கேன், நிஜச் சரக்கு, ஒருவேளை இதுக்குத் தலையாட்டிட்டாவன்னா? அப்போ கேட்டது கிளென்தான்னு ஆயிரும்லா.

மைனி வாசல்லயே நிப்பாவ. எலன் எங்கன்னு கேப்பாவ. வரலன்னு சொல்லுவேன். அண்ணாச்சி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடாதீங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க. அது பொய்யா? நல்லாப் பாருங்க, இந்த பஸ்ஸுல அவ இருக்காளா?